நாலாம் பாத்தி

ஐப்பசியில் மூன்றாவது மழை விட்ட காலை
மல்லிப் பதியன் நிற்கும் நாலாம் பாத்தியில்
யாரோ முட்டையை அடித்துக் கொட்டியிருந்தார்கள்.

அப்படித்தான் தோன்றியது முதலில்.
அகலம் ஒரு சாண்.
நல்ல மஞ்சள், நுரை நுரையாக,
சவுக்குச் சருகின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த டெல்பின்
"உங்க நாய் கக்கியிருக்கு" என்றாள்.
எங்களிடம் நாய் இல்லை.
"அப்ப எங்க நாய்தான்" என்று
ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள்.
ஊற்ற வேண்டாம் என்றேன்.
ஏன் சொன்னேன், தெரியவில்லை.

தங்கச்சிமடத்து மணலில் தண்ணீர் நிற்பது
மாதச் சம்பளம் கையில் நிற்பது போலத்தான்.
அதனால் புரட்டாசியிலேயே மூடாக்குப் போட்டிருந்தேன்.
சவுக்குச் சருகு, தேங்காய் மஞ்சி,
கரையில் ஒதுங்கிய கடல்தாழையை அள்ளி வந்து
இரண்டு மழைக்குப் பரப்பி, உப்புப் போக்கி.
போட்டதெல்லாம் செத்தது.
அதிலிருந்து எழுந்து வந்திருக்கும் இதற்கு
என்ன பெயர்?

மதுரையிலிருந்து நாற்றெடுக்க வரும் பாண்டுரங்கன்
படத்தைப் பார்த்த கையோடு போன் செய்தார்.
"நோய் விழுந்த பதியன் எனக்கு வேணாம்.
வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு சொல்லுங்க."
இரண்டாயிரம் பதியன்.
நான் செவ்வாய்க்கிழமையில் நின்றுகொண்டிருந்தேன்.

முகர்ந்தேன்.
கரையேற்றிய வள்ளத்தின் அடிப்பலகை வாசம்.
ஊக்கால் குத்தி எடுத்தேன்.
கூடவே ஒரு மஞ்சள் நூல் நீண்டு வந்து அறுந்தது.
"நரம்பு மாதிரி" என்று நோட்டில் எழுதி
நரம்பை மட்டும் அடித்துவிட்டேன்.
பக்கத்தில், பனைமட்டைத் துணுக்கொன்றில்
சட்டைப் பொத்தானிலும் சின்னக் கிண்ணங்கள்,
கிண்ணத்துக்கு நாலைந்து கறுப்பு உளுந்து.
அது யாரென்று கேட்க அப்போது நேரமில்லை.

தோட்டக்கலை அலுவலகத்துப் பர்வீன் மேடம்
ஒன்றே ஒன்று கேட்டார்:
"நகருதா?"
கிண்டல் என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் அன்று சாயங்காலம்
அதன் விளிம்பைச் சுற்றிப் பதினோரு ஈர்க்கு நட்டேன்.
இரவில் மூன்று தடவை டார்ச்சோடு போனேன்.
பார்க்கும்வரை அது நகரவே இல்லை,
கடிகாரத்தின் சின்ன முள்ளைப் போல.
விடிந்தபோது
ஏழாவது ஈர்க்கைத் தாண்டி இரண்டு விரற்கடை.

மீனவர் சங்கத்தில் மனு எழுதுவது என் வேலை.
"எல்லை தாண்டியதாகக் கூறி"
என்ற வரி என் கைக்கு மனப்பாடம்,
படகின் எண்ணும் ஆட்களின் பெயரும்தான் மாறும்.
அன்று நோட்டைத் திறந்ததும்
கை அதையே எழுதிற்று.
பாதியில் நின்றேன்.
கூறியது யார்?
ஈர்க்கு நட்டதும் நான்தானே.

"செடியில்லைம்மா, மிருகமும் இல்லை.
சளிப்பூஞ்சைன்னு பேரு, ஆனா
பூஞ்சையே இல்லை.
மல்லியை ஒண்ணும் பண்ணாது."
மேடம் வைத்துவிட்டார்.
என் கையில் இத்தனை இல்லை.
இவற்றை வைத்துக்கொண்டு
பாண்டுரங்கனிடம் என்ன சொல்வது?
"மக்குறதைத் தின்ன வந்த கிருமியை
இது தின்ன வந்திருக்கு, அண்ணாச்சி. அவ்வளவுதான்."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
பதியனுக்கு ஐம்பது காசு குறைத்துக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து நிற்கையில்
மஞ்சள் போயிருந்தது.
கருகிய ஆப்பத்தின் ஓரம் போல் ஒரு பொருக்கு.
டெல்பின் கால் பெருவிரலால் தொட்டாள்.
உள்ளிருந்து பழுப்புத் தூள் புகைந்து கிளம்பி
வாடைக்காற்றில் வேலி தாண்டி
அவள் வீட்டு முருங்கையடிக்குப் போயிற்று.
அங்கே எப்போதும் ஈரம்தான்.

"செத்துப்போச்சு" என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து ஈர்க்குகளைப் பிடுங்கினேன்.
பத்துதான் கிடைத்தது.